விடுபட்ட வரி

மகனே,

நித்யாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இன்று காலை கூரியரில் வந்து சேர்ந்தது. நூலைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தாள் கனமாக இருக்கிறது. தங்க மை எங்கும் ஊறிப் பரவவில்லை. முகூர்த்த நேரத்தில் நான் சொன்ன திருத்தத்தையும், மண்டபத்து முகவரியில் இருந்த பிழையையும் சரிசெய்திருக்கிறாய். உன் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். புருஷனை இழந்தவளின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் போட இன்னும் யோசிக்கிற வீடுகள் நம் சொந்தத்திலேயே இருக்கின்றன. நீ யோசிக்கவில்லை. ஆனால் உன் அக்கா மல்லிகாவின் பெயர் இதில் இல்லை. நான் கேட்ட பிறகும் இல்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு இருமல் வரும், இரண்டு பேருக்கும் பாதிதான் கேட்கும். அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் வாசிக்க நேரமில்லை என்றால் எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை வாசி.

இதன் புரூபை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டு வயதில் ஒருத்தியிடம் இன்னமும் ஒரு வேலையைக் கொடுத்துச் செய்து தரச்சொல்வது சின்ன விஷயமில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். பிழைகளைக் குறித்து உனக்குச் சொன்னேன். மற்றபடி சரி என்றும் சொன்னேன். சாயங்காலம் கம்பத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, மல்லிகாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். நம் அச்சகம் நடந்த காலத்தில் அவள் வாசிக்க நான் சரிபார்ப்பேன். அன்றைக்கு நான் வாசித்தேன், அவள் கேட்டாள். சித்தப்பா சித்தி பெயர் வந்தது. உன் மைத்துனன், அவன் மனைவி பெயர் வந்தது. சின்னமனூர் மாமா மகன்கள் மூன்று பேரும் அவரவர் மனைவியோடு வந்தார்கள். பட்டியல் முடிந்தது.

“எல்லாம் சரியா இருக்கும்மா. பெழை ஒண்ணும் இல்ல” என்றாள்.

அவள் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போனை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மேலிருந்து மறுபடி பார்த்தேன். “உம் பேரு எங்கடி?” என்று கேட்டேன்.

சிரித்தாள். “நீ பாத்துப் பாஸ் பண்ணுன புரூப்தானம்மா, என்னயக் கேக்குற?” என்றாள். பிறகு, “விடும்மா, பேரு எதுக்கு? நான் வந்து பந்தியில நின்னுக்கிடுறேன். எல, பாயாசம்னு பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்ல” என்றாள். நித்யாவும் அதே புரூபைப் பார்த்துவிட்டு ‘சூப்பர் அப்பத்தா’ என்று எனக்கு அனுப்பியிருந்தாள். அவள் பெரியவளானபோது பதினாறு நாளும் உளுந்தங்களி கிண்டிக்கொடுத்தவள் அந்த அத்தைதான். அவள் கண்ணிலும் படவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. இரண்டு தடவை வாசித்த என் கண்ணிலேயே படவில்லை.

அன்று உன்னிடம் நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். நீ சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். எழுத்தில் பார்த்தால் உனக்கு எப்படித் தோன்றுகிறது என்று பார்.

“எல்லாப் பேரும் ஜோடி ஜோடியா வருதும்மா. அக்கா பேரு மட்டும் தனியா நின்னா மாப்பிள்ள வீட்டுக்காரக கேப்பாக.”

“கேட்டா சொல்லு.”

“என்னன்னு சொல்றது?”

“புருசனோட இல்லன்னு சொல்லு.”

“கல்யாண நேரத்துல பேசுற பேச்சாம்மா இது? மச்சான் பேரையும் சேத்துப் போட்டுருவோம், கார்டுக்கு மட்டுந்தானேன்னு சொன்னேன். அக்காதான் முடியாதுன்னுருச்சு. நான் என்ன செய்ய? வேணும்னா அக்கா பேரு போட்டு நம்ம ஆளுகளுக்கு மட்டும் வாட்ஸ்அப்புல தனியா ஒண்ணு டிசைன் பண்ணச் சொல்றேன். ஒரு பேருதானம்மா. யாரு உக்காந்து எண்ணப்போறாக?”

நான் போனை வைத்துவிட்டேன். போடியில் அவள் வாழ்க்கைப்பட்ட அந்த ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டிலிருந்து அவள் ஏன் வெளியே வந்தாள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் தோள்பட்டைக்குக் கட்டுப் போட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதவன் நீ. நான் பேசாமல் போனை வைத்ததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. இதே பேச்சை, ஏறக்குறைய இதே சொற்களில், நான் நம் அச்சகத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு அது தெரியாது.

டெலிபோன் டைரக்டரி வேலை நம் அச்சகத்துக்கு வந்தது உன் அப்பாவின் வாழ்க்கையில் பெரிய கௌரவம். அதுவரைக்கும் நோட்டீஸ், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, குச்சனூர் கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் கொடுக்கும் விளம்பரச் சீட்டு, இவ்வளவுதான். இலாகாவிலிருந்து அட்டைகள் பெட்டி பெட்டியாக வரும். ஒரு சந்தாதாரருக்கு ஓர் அட்டை. பெயர், தகப்பனார் பெயரின் முதல் எழுத்து, ஊர், எண். முதலில் அவற்றை எக்ஸ்சேஞ்ச் வாரியாகப் பிரிக்க வேண்டும். தேனி தனி, போடி தனி, உத்தமபாளையம் தனி, கம்பம் தனி. பிறகு ஒவ்வொன்றையும் ஆங்கில அகர வரிசையில் அடுக்க வேண்டும். கூடத்தில் பாய் விரித்து அடுக்குவோம். யாரும் மின்விசிறி போடக்கூடாது. முதல் தடவை கையாலேயே எழுத்துக் கோர்த்துப் பார்த்தார் உன் அப்பா. ஓர் ஊரில் எல்லா எண்ணும் ஒரே இலக்கத்தில் தொடங்கும். நாலு பக்கம் கோர்ப்பதற்குள் அந்த இலக்கம் எழுத்துப் பெட்டியில் தீர்ந்துவிடும். கோர்த்ததை அச்சடித்து, கழுவி, கலைத்து, மறுபடி கோர்க்க வேண்டும். அடுத்த பதிப்புக்கு அவர் மதுரையில் லைனோ மிஷின் வைத்திருந்த ஒருவரிடம் வரிகளை வார்த்து அச்சடிக்கக் கொடுத்தார். அந்த மிஷின் எழுத்தெழுத்தாகக் கொடுக்காது. உருக்கிய ஈயத்திலிருந்து ஒரு முழு வரியை ஒரே துண்டாக வார்த்துத் தரும். ஒரு சந்தாதாரர் என்றால் ஓர் ஈயத் துண்டு. பெயர் எழுதிய முனை மேலே தெரிய, அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் ஒரு பத்தி.

புரூப் அச்சகத்துப் பின்கட்டில் இருந்த நம் வீட்டுக்கு வரும். கான்வென்டில் படித்தவள் என்பதால் ஆங்கிலம் என் பொறுப்பு. மல்லிகா அப்போது டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவள் அட்டையைப் பார்த்து உரக்க வாசிப்பாள். நான் புரூபில் விரல் வைத்துக்கொண்டு போவேன். எண்ணை முழு எண்ணாகச் சொல்லக்கூடாது, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் நான் அதையே கீழிருந்து மேலாக ஒரு தடவை தனியாக வாசிப்பேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒருவரின் வழக்கம் அது. மேலிருந்து வந்தால் மனம் முந்திக்கொண்டு ஓடும், கீழிருந்து வந்தால் கண்தான் வேலை செய்யும் என்பார். இப்படி எத்தனை வாசித்தாலும் ஒன்று மட்டும் பிடிபடாது. தப்பான எழுத்து தானாகவே கண்ணில் குத்தும். இல்லாத வரி குத்தாது. அது இல்லாத பக்கம் நிறைவாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஆள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பண்ணைப்புரத்தில் தங்கராசு, தங்கவேல் என்று இரண்டு பேர். ஒரே தெரு, ஒரே முதல் எழுத்து. வரிசையில் ஒருவர் மேலே, ஒருவர் அவருக்குக் கீழே. தங்கராசுவின் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததை நான் பிடித்துத் திருத்தி அனுப்பினேன். மதுரையில் புதிய வரி வார்த்தார்கள். பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் செருக வேண்டும். செருகியவர் எடுத்தது பக்கத்துத் துண்டை. தங்கராசுவின் தப்பு வரியும் இருந்தது, சரியான வரியும் இருந்தது. தங்கவேல் போய்விட்டார். பத்தியின் நீளம் ஒரு நூல்கூட மாறவில்லை. திருத்திய வரியை மட்டும் பார்த்தால் போதாது, அதன் மேல் வரியையும் கீழ் வரியையும் அட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால், கடைசிப் புரூப் எனக்கு வர வேண்டும் என்று நான் முன்பே கேட்டிருந்தேன். புத்தகம் தாமதமாகிவிட்டது என்று உன் அப்பாவுக்கு இலாகாவிலிருந்து நெருக்கடி. மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். “ஒரு வரிதான? மாத்திப் போட்டு அச்சுல ஏத்துங்க. புரூப் அனுப்பி, அது திரும்பி வந்து... நேரமில்ல” என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புத்தகம் வெளிவந்து சில வாரம் கழித்துத் தங்கவேல் நேரே அச்சகத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் இடுக்கியிருந்தார்.

“இங்கனதான் இந்தப் பொஸ்தகம் அடிச்சாகளா?”

“ஆமாய்யா. உக்காருங்க” என்றாள் மல்லிகா.

“உக்கார வரல தாயி. எம் பேரு இதுல எங்கன இருக்குன்னு தொட்டுக் காட்டு. எனக்கு இங்கிலீசு தெரியாது. பேரன் தேடிப் பாத்துட்டு இல்லேங்குறான். ஒனக்கென்னடா கண்ணு நொள்ளையான்னு வஞ்சுபுட்டு பஸ் ஏறி வாரேன்.”

மல்லிகா பண்ணைப்புரத்தை எடுத்தாள். பார்த்தாள். உள்ளே போய் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவருடைய அட்டையை எடுத்தாள். அட்டை இருந்தது. “விட்டுப்போச்சுய்யா” என்றாள்.

அவர் குனிந்து பத்தியையே பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வரி அவருக்குத் தெரிந்துவிட்டது. “இதென்ன, ஒரே பேரு ரெண்டு தடவ? யாரு அது?”

“தங்கராசுன்னு ஒருத்தரு. உங்க தெருதான்.”

“அவனா! எம் பங்காளி தாயி. வரப்புல ஒரு சாண் உள்ள வந்தான், கோர்ட்டுக்குப் போனோம். இப்பப் பொஸ்தகத்துலயும் எம் பங்கையும் சேத்துப் புடிச்சுட்டானா?”

மல்லிகாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போனுக்கு எழுதிப்போட்டு எத்தனையோ வருஷம் காத்திருந்ததாகச் சொன்னார். கம்பி இழுத்த அன்றைக்கு ஊரே வந்து பார்த்ததாம். “பொஸ்தகத்துல பேரு வருதுன்னு ஊருல எல்லாருகிட்டயும் சொல்லிப்புட்டேன்” என்றார்.

உன் அப்பா எழுந்து வந்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்று கேட்டார். “பெரியவரே, உங்க பேரும் நம்பரும் போட்டு ஒரு சின்னச் சீட்டு அடிக்கிறேன். இன்னும் வெளிய போகாத புத்தகத்துல எல்லாம் முன்பக்கத்துல ஒட்டிருவோம்” என்றார்.

“அந்தச் சீட்டுல யாரு யாரு இருப்பாக?”

“நீங்க மட்டுந்தான்.”

“நான் மட்டும்னா அது எதுக்குய்யா? நாலு பேரோட சேந்து இருக்கத்தான ஆசப்பட்டேன்” என்றார் தங்கவேல். புத்தகத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பதிப்பில் முதல் ஆளாகப் போட்டுத் தருகிறேன் என்று உன் அப்பா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அடுத்த பதிப்பு சொன்ன காலத்தில் வரவில்லை. ஒருவழியாக வந்தபோது மல்லிகா கல்யாணமாகிப் போடிக்குப் போய்விட்டாள். அட்டையை வாசிக்கக் கூலிக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தேன். பண்ணைப்புரம் அட்டைகளுக்குள் ஒரு பெயர் மாற்றச் சீட்டு இருந்தது. சந்தாதாரர் காலமானதால் மகன் பெயருக்கு மாற்றம். மகனின் பெயரை நான் மூன்று தடவை பார்த்தேன். மேல் வரி, கீழ் வரி, எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தங்கவேல் என்கிற மனிதர் எந்த டைரக்டரியிலும் இல்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிறகு அந்தப் புத்தகமே நின்றுபோனது. அது நின்றதற்கு எனக்கு வருத்தமில்லை. பொடி எழுத்தில் என் கண் போனதுதான் மிச்சம்.

நீ வியாபாரம் செய்கிறவன், நாலு பேரை அனுசரித்துப் போக வேண்டியவன். மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்ற யாரும் கொஞ்சம் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் நீ யாரை விட்டாய் என்று நினைத்துப்பார். சண்டை போடுகிறவர்களை நீ விடவில்லை. சின்னமனூர் மாமாவின் இரண்டாவது மகன் உன் மேல் போலீஸில் புகார் கொடுத்தவன். அவன் பெயர் மனைவியோடு சேர்த்து இருக்கிறது. விட்டால் கேட்பான் என்று போட்டாய். கேட்கமாட்டாள் என்று தெரிந்தவளை விட்டாய். அச்சகத்தில் வந்து நின்று தொட்டுக் காட்டு என்று கேட்கிற ஆள் இல்லை உன் அக்கா.

பந்தியில் நிற்கிறேன் என்று சொன்னாள் அல்லவா? முந்தாநாள் அவளாகவே போன் செய்தாள். முகூர்த்தத்தன்று பள்ளிக்கூடத்தில் ஏதோ பரீட்சை வேலை வரும்போல் இருக்கிறதாம். “முடிஞ்சா வாரேம்மா” என்றாள். அவள் அங்கே லீவு கேட்கவே இல்லை என்பது அவள் பேசிய விதத்திலேயே தெரிந்தது. நான் வற்புறுத்தவில்லை. எதைச் சொல்லி வற்புறுத்துவது? நித்யா கல்யாணத்துக்கு அத்தை வராமல் இருந்தால் அன்று ஒரு நாள் நாலு பேர் கேட்பார்கள். அதற்கடுத்த விசேஷத்துக்கு ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதன் பிறகு அவள் கம்பத்திலும் நீ கோயம்புத்தூரிலும் இருப்பீர்கள். நடுவில் இப்போதைக்கு நான் இருக்கிறேன். இங்கே அல்லிநகரத்தில் யார் செத்தாலும் மறுநாள் தெருமுனையில் பிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். நடுவில் படம், கீழே பிள்ளைகள் பெயர், ஜோடி ஜோடியாக. எனக்கும் நீ கட்டுவாய். அதன் புரூப் எனக்கு வராது.

நான் மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கல்யாணத்துக்கு நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன், என் பேத்தியை மனதார ஆசீர்வதிப்பேன். நீ அனுப்பிய கட்டை இங்கே நம் சொந்தக்காரர்களுக்கு, முழங்கால் விடுகிறவரைக்கும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுப்பேன். அச்சான பத்திரிகையை மறுபடி அடி என்றும் கேட்கமாட்டேன். அது வீண்செலவு. மல்லிகாவும் சம்மதிக்கமாட்டாள்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது, அதை நீயும் மதிக்கிறவன். பத்திரிகையில் பெயர் இருப்பவர்கள் அழைக்கிறவர்கள். அவர்களுக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை. உன் அக்கா அதில் இல்லை. அப்படியானால் அவள் அழைக்கப்பட வேண்டியவள். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போ. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம் வை. ஊரில் மற்ற எல்லாரையும் எப்படி அழைப்பாயோ அப்படி அழை. என் மூலமாகச் சொல்லி அனுப்பாதே, போனில் சொல்லாதே. கவரில் அவள் பெயரை நான் எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். அதை நீயே எழுது.

அவள் கதவைத் திறப்பாள். நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து உன்னை ஏலே என்றுதான் கூப்பிடுகிறாள். உனக்கு நரைத்த பிறகும், உன் மாமனார் முன்னாலும் அப்படித்தான். தட்டோடு வாசலில் நிற்கிற உன்னைப் பார்த்து அன்றைக்கும் ஏலே என்று சொல்லிவிட்டால் நீ தப்பித்தாய். தெரியாதவர்களிடம் சொல்வதுபோல் “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டால், எதுவும் பேசாமல் உட்கார். அவள் தருவதை வாங்கிக் குடி. தட்டை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வா. அவள் ‘வாங்க’ என்று சொன்னதை மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

அம்மா